ஈ.சி.ஆர்-ல் ஓவியர்களே வாங்கிய ஊர்: சோழமண்டலத்தை உருவாக்கிய கே.சி.எஸ்.பணிக்கர் யார்?

திருவான்மியூரைத் தாண்டி ஈ.சி.ஆர்-ல் மாமல்லபுரம் நோக்கிப் போனால், ஈஞ்சம்பாக்கத்தில் கடல் பக்கமாக ஒரு பலகை வரும். சோழமண்டலம் கலைஞர்கள் கிராமம். சனி, ஞாயிறில் அந்த வழியாகப் பறக்கிற கார்கள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. நின்று உள்ளே போனால் மரங்களுக்கு நடுவே சிற்பங்கள், ஒரு கேலரி, ஓவியர்கள் குடியிருக்கும் வீடுகள். ஏதோ அரசாங்கம் கட்டிக் கொடுத்த கலைக் கிராமம் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்வார்கள்.

அப்படி இல்லை. 1966-ல் இந்த நிலத்தை வாங்கியவர்கள் ஓவியர்களும் சிற்பிகளும்தான். அதுவும் ஓவியம் விற்ற காசில் அல்ல. துணிக்கு மெழுகு பூசி, சாயம் ஏற்றி, அதை விற்ற காசில். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வர் கே.சி.எஸ்.பணிக்கர். அப்போது அவருக்கு வயது 55.

அரசு வேலை, பதவி, நாடு முழுக்கப் பெயர் எல்லாம் இருந்த ஒரு மனிதர், ரிட்டயர்மென்ட் நெருங்குகிற நேரத்தில் எதற்காக இளைஞர்களோடு சேர்ந்து கடலோர மணல்காட்டில் மனை வாங்க வேண்டும்? அதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்கணும்.

கோவையில் பிறப்பு, பொன்னானியில் வளர்ப்பு

பணிக்கர் பிறந்தது 1911 மே 30, கோயம்புத்தூரில். குடும்பம் மலையாளக் குடும்பம். சொந்த ஊர் பொன்னானி பக்கம் வெளியங்கோடு. தென்னை, வயல், கால்வாய், உப்பங்கழி என்று எங்கே திரும்பினாலும் பச்சையும் தண்ணீரும் இருக்கிற ஊர். சிறுவயதிலேயே அதையெல்லாம் வரையத் தொடங்கிவிட்டார். 17 வயதில் சென்னையில் மெட்ராஸ் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் கண்காட்சியில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. முறையாக யாரிடமும் படிக்காத பையனுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் படம் வரைவது வேறு, பிழைப்பு வேறு. குடும்பத்துக்குச் சம்பாத்தியம் தேவைப்பட்டது. தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார், அப்புறம் இன்சூரன்ஸ். அந்தக் காலத்தில் தந்தி இலாகா வேலை என்றால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். அதை விட்டுவிட்டு 1936-ல், 25 வயதில், ஓவியம் படிக்க மாணவனாகப் போய்ச் சேர்ந்தார் பணிக்கர்.

வருமானமா, ஓவியமா என்ற இந்தக் கேள்வியை 25 வயதில் தனி ஆளாகச் சந்தித்தார். முப்பது வருஷம் கழித்து அதே கேள்வி அவருடைய மாணவர்கள் உருவத்தில் மறுபடி வந்து நின்றது.

மேசை நாற்காலி செய்யச் சொல்லிக் கொடுத்த பள்ளி

அவர் சேர்ந்த இடம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் மெட்ராஸ் அரசு கலைத்தொழில் பள்ளி. இன்றைக்கு அரசு கவின்கலைக் கல்லூரி. எழும்பூர் பக்கம் போகிறவர்கள் அந்தச் சிவப்புக் கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள். 1850-ல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தனிப்பட்ட முறையில் தொடங்கினார். சில வருடங்களில் அரசு எடுத்துக்கொண்டது. இந்தியாவின் மிகப் பழைய ஓவியப் பள்ளிகளில் ஒன்று.

பிரிட்டிஷ்காரர்களுக்கு அங்கே பெரிய ஓவியர்களை உருவாக்கும் எண்ணம் எல்லாம் கிடையாது. மரவேலை, உலோக வேலை, மண்பாண்டம், செதுக்கு வேலை, இதில் தேர்ந்த கைவினைஞர்கள் வேண்டும், கண்காட்சிக்கு வைக்கப் பொருள் வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கான முதல் முயற்சிகள்கூட 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வளாகத்தில்தான் நடந்தன. வீட்டில் இருக்கும் அலுமினியக் குண்டானுக்கும் ஓவியக் கல்லூரிக்கும் இப்படியொரு சம்பந்தம்.

நிலைமை மாறியது 1920-களின் கடைசியில். தேவிபிரசாத் ராய் சௌத்ரி என்ற வங்காளி அந்தப் பள்ளியின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். பெயர் தெரியாவிட்டாலும் அவர் கைவண்ணத்தைச் சென்னைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை, அதே கடற்கரையில் இருக்கும் காந்தி சிலை இரண்டும் அவர் செய்தவை. அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் படித்தவர், மல்யுத்தம் பழகியவர், வேட்டைக்குப் போகிறவர், வங்காளத்தில் கதை எழுதுகிறவர். இப்படி ஒரு ஆள் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடம் பழையபடி இருக்குமா? ஓவியமும் சிற்பமும் அங்கே முதலிடத்துக்கு வந்தன.

கல்கத்தா குரூப் என்ற புகழ்பெற்ற நவீன ஓவியர் குழுவில் இருந்த பிரதோஷ் தாஸ்குப்தாவும் பரிதோஷ் சென்னும் சௌத்ரியிடம் மெட்ராஸில் படித்தவர்கள். தமிழ்ப் பத்திரிகை உலகில் கோயில்களையும் சிற்பங்களையும் அச்சுப் பிசகாமல் வரைந்து பெயர் வாங்கிய சில்பியும் அவருடைய மாணவர்தான்.

பணிக்கர் 1940-ல் டிப்ளமோ முடித்தார். மறு வருஷமே அதே பள்ளியில் ஆசிரியர். அப்புறம் கால் நூற்றாண்டு அந்த வளாகம்தான் அவருக்கு எல்லாமே.

பம்பாய்க்கு முன்னாடியே மெட்ராஸ்

நவீன இந்திய ஓவியம் என்றால் ஹுசைன், ரசா, சூசா என்று பம்பாய் பெயர்கள்தான் சட்டென்று நினைவுக்கு வரும். அவர்களுடைய முற்போக்குக் கலைஞர்கள் குழு தொடங்கியது 1947-ல். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1944-ல், மெட்ராஸில் முற்போக்கு ஓவியர்கள் சங்கத்தைத் தொடங்கிவிட்டார் பணிக்கர். இந்தத் தகவல் ஓவிய வரலாற்றுப் புத்தகங்களில் இருந்தாலும் பொதுப் பேச்சில் வருவதே இல்லை. தெற்கில் நடப்பது டெல்லி, பம்பாய் காதுகளில் விழ எப்போதுமே கொஞ்சம் தாமதமாகும்.

சங்கத்தின் வேலை எளிமையானது. இளம் ஓவியர்கள் சேர்ந்து படம் வைப்பது, ஒருவர் வேலையை இன்னொருவர் விமர்சிப்பது, ஊர் ஊராகக் கண்காட்சியைக் கொண்டுபோவது. சென்னையில் அப்போது ஓவியம் வாங்குகிறவர்களும் இல்லை, விற்கிற கேலரிகளும் இல்லை. ஆகவே ஓவியர்களே ஓவியர்களுக்குப் பார்வையாளர்களாக இருக்க வேண்டிய நிலை. பிற்பாடு 1960-களில் இந்தச் சங்கத்தின் சார்பில் ஆர்ட்ரெண்ட்ஸ் என்ற ஆங்கிலக் கலை இதழும் வந்தது.

இந்தக் காலத்தில் பணிக்கர் வரைந்தது பெரும்பாலும் வாட்டர் கலரில் நிலக்காட்சிகள். கேரளத்துத் தோப்பும் தண்ணீரும்தான். வான்கோ மாதிரியான ஐரோப்பிய ஓவியர்களின் தாக்கமும் அவரிடம் தெரிந்தது. 1954-ல் லண்டனிலும் பாரீஸிலும் அவருடைய தனிக் கண்காட்சிகள் நடந்தன. ஐரோப்பிய ஓவியங்களை அதுவரை பெரும்பாலும் புத்தகத்தில் பார்த்தவர், அங்கே நேரில் பார்த்தார்.

அந்தப் பயணம் அவரை ஒரு விதத்தில் ஆட்டிவைத்தது. அவ்வளவு தூரம் போய் நம்ம படங்களை மாட்டினால், பார்க்கிறவர்களுக்கு அது அவர்கள் ஊர் ஓவியத்தின் நகல் மாதிரி தெரிகிறது. அப்போ இந்திய ஓவியன் என்று எதை வைத்துச் சொல்வது? புராணக் காட்சியை வரைந்தால் அது இந்தியாவா? புடவை கட்டிய பெண்ணை வரைந்தால் ஆச்சா? ஊர் திரும்பிய பிறகு அவருடைய பாணி மாறியது. அஜந்தாச் சுவர்களில் உருவங்கள் நெருக்கியடித்து நிற்குமே, அந்த மாதிரி உருவங்கள் நிறைந்த தோட்டக் காட்சிகளை 1950-களின் பிற்பகுதியில் வரைந்தார். அதிலும் அவருக்கு முழுத் திருப்தி வரவில்லை. அந்தத் தேடல் எங்கே போய் முடிந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பிரின்சிபால் செய்த வேலை

1957-ல் சௌத்ரி ஓய்வு பெற, பணிக்கர் தலைமைக்கு வந்தார். குருவின் நாற்காலியில் சிஷ்யர். ஆனால் குரு போன வழியில் போகவில்லை. ஆளைப் பார்த்தால் ஆளை அப்படியே கொண்டுவரும் யதார்த்த பாணிதான் சௌத்ரியின் பலம். பணிக்கர் மாணவர்களிடம் எதிர்பார்த்தது வேறு. அவரவர் மண்ணிலிருந்து அவரவருக்கான ஒரு வடிவத்தைக் கண்டுபிடிக்கணும் என்பதுதான் அவர் வகுப்பின் சாரம்.

இதற்கு அந்தக் கல்லூரியின் பழைய கைத்தொழில் பிரிவுகளே அவருக்குக் கைகொடுத்தன. பிரிட்டிஷ்காரன் வேறு காரணத்துக்காகத் தொடங்கிய மரவேலை, உலோக வேலை, மண்பாண்டப் பட்டறைகள் அதே வளாகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பரம்பரைக் கைவினைஞர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். ஓவிய வகுப்பு மாணவன் அந்தப் பட்டறைகளுக்குள் நுழைந்து பார்ப்பது இங்கே சுலபம். வேறு பல ஓவியக் கல்லூரிகளில் கைத்தொழில் என்றால் ஒரு படி கீழே என்ற எண்ணம் இருந்தது.

அதன் பலனை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். கோயிலில் சாமிக்கு வெள்ளிக் கவசம், பித்தளைக் கவசம் சார்த்துவார்கள் இல்லையா? தகட்டைத் தட்டித் தட்டி உருவம் எடுப்பது. பி.வி.ஜானகிராம் அந்தத் தொழில்நுட்பத்தை எடுத்து, செப்புத் தகட்டைத் தட்டி நவீன சிற்பம் செய்தார். முன்பக்கம் மட்டும் உருவம், பின்னால் வெறுமை, கவசம் மாதிரியே. அது கோயில் சிலையும் இல்லை, ஐரோப்பியச் சிற்பமும் இல்லை. மெட்ராஸில்தான் அது சாத்தியமானது.

பணிக்கர் காலத்தில் அந்த வளாகத்தில் படித்தவர்கள், சொல்லிக் கொடுத்தவர்கள் பெயர்களைக் கேட்டால் தென்னிந்திய நவீன ஓவிய வரலாறே அதில் அடங்கிவிடும். சிற்பி தனபால் உடன் பணிபுரிந்தவர். எல்.முனுசாமி, சந்தானராஜ் ஆசிரியர்கள். காந்தியின் கோட்டோவியங்களுக்காகவும் தமிழ்ப் புத்தக அட்டைகளுக்காகவும் வாசகர்கள் அறிந்த ஆதிமூலம் மாணவர். ஆர்.பி.பாஸ்கரன், எஸ்.ஜி.வாசுதேவ், மலம்புழா அணையில் பிரமாண்ட யக்ஷி சிலையைச் செய்த கானாயி குஞ்ஞிராமன் எல்லோரும் இங்கிருந்து போனவர்கள்தான்.

பெண்கள் குறைவு. ஆனாலும் டி.கே.பத்மினியை விட்டுவிட முடியாது. பொன்னானி பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து 1960-களின் தொடக்கத்தில் இங்கே படித்தவர். கேரளத்தின் முக்கியமான பெண் ஓவியர் என்று இன்று பேசப்படுகிற அவர், 1969-ல் பிரசவத்தின்போது, முப்பது வயதுகூட ஆகாத நிலையில் இறந்துபோனார். அவர் வரைந்த காலம் மொத்தமே சில வருஷங்கள்தான்.

படிச்சு முடிச்சாச்சு, சாப்பாட்டுக்கு?

வகுப்பறையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சிக்கல் கல்லூரி கேட்டுக்கு வெளியே இருந்தது.

1960-களில் டிப்ளமோ வாங்கி வெளியே வந்த இளைஞனுக்கு முன்னால் இருந்த வழிகளை விரல்விட்டு எண்ணலாம். பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலை. பத்திரிகையில் கதைக்குப் படம். விளம்பர கம்பெனி. சினிமாவில் செட், பேனர். நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு டிசைன் போடும் வேலை. எதுவும் கேவலமான வேலை இல்லை. ஆனால் காலையிலிருந்து இரவு வரை அடுத்தவர் கேட்டதை வரைந்துவிட்டு வந்தால், தனக்காக வரையக் கையும் இருக்காது, மனசும் இருக்காது. திறமையான பையன்கள் சில வருஷத்தில் காணாமல் போனார்கள். ஒரு ஆசிரியருக்கு இதைவிட வேதனை என்ன இருக்கு?

ஓவியத்தை விற்றுப் பிழைக்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. வாங்குகிற ஒன்றிரண்டு பேருக்குப் பிடித்த மாதிரி வரைந்தால் அது வேறு விதமான அடிமைத்தனம். பணிக்கருக்குத் தோன்றிய வழி இதுதான்: சோற்றுக்கு ஒரு தொழில், கலைக்கு ஒரு நேரம், இரண்டையும் கலக்காமல், ஆனால் இரண்டும் அதே கைகளால்.

அந்தத் தொழிலாக அமைந்தது பாத்திக். துணியில் உருக்கிய மெழுகால் டிசைன் போட வேண்டும். பிறகு சாயத்தில் முக்கினால் மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு லேசாக விரிசல் விடுகிற இடத்தில் மட்டும் சாயம் இறங்கி, நூல் மாதிரி கோடுகள் விழும். ஒரு நிறத்துக்கு ஒரு முறை என்று மெழுகு, சாயம், மெழுகு, சாயம் எனப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுப்பார்கள். கோட்டையும் நிறத்தையும் கையாளத் தெரிந்தவர்கள் செய்தால் ஒவ்வொரு துணியும் தனி ஓவியம் மாதிரி இருக்கும். ஆனால் ஓவியம் வாங்காதவர்களும் சுவரில் மாட்டும் துணி வாங்குவார்கள், புடவை வாங்குவார்கள்.

1960-களின் நடுவில் கலைஞர்களின் கைவினைச் சங்கம் உருவானது. கல்லூரி நேரம் முடிந்த பிறகு வேலை. பாத்திக், உலோகம், மண்பாண்டம், தோல் என்று அவரவருக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். கண்காட்சி வைத்தபோது விற்பனை எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. வந்த பணத்தைப் பிரித்துக்கொண்டு கலைந்து போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் சேர்த்து வைத்து நிலம் பார்த்தார்கள்.

மணலும் சவுக்கும்

1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கப்பட்டது. அடையாறிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர். இன்றைக்கு அந்தப் பகுதியில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று கேட்டால் தலை சுற்றும். அன்றைக்கு அங்கே மணல், சவுக்கு, மீனவர் குப்பங்கள் தவிர பெரிதாக எதுவும் இல்லை. இப்போதைய ஈ.சி.ஆர் அப்போது கிடையாது. நகரத்து ஆட்கள் யாரும் குடிபோக நினைக்காத இடம், அதனால்தான் ஓவியர்களால் வாங்க முடிந்தது.

அந்த வருஷத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கணும். நாடு முழுக்க உணவுத் தட்டுப்பாடு. தமிழ்நாட்டில் அரிசிப் பஞ்சம் அடுத்த தேர்தலில் ஆட்சியையே மாற்றும் அளவுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. அரிசிக்கு வரிசையில் நிற்கும் காலத்தில், நிரந்தர வருமானம் இல்லாத முப்பது, நாற்பது ஓவியர்கள் சேர்ந்து கடலோரத்தில் ஒரு ஊர் அமைக்கப் போகிறோம் என்று கிளம்பினால் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று யாரும் யூகித்துக்கொள்ளலாம்.

பெயர் வைத்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. சோழமண்டலம் என்ற சொல்தான் ஐரோப்பியர்கள் வாயில் கோரமண்டல் ஆனது. அந்தப் பழைய பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.

மனைகள் பிரிக்கப்பட்டன. ஓலை வேய்ந்த குடிசைகளும் சின்னச் சின்ன வீடுகளும் எழுந்தன. பொதுவான பட்டறை, கேலரி, திறந்தவெளி அரங்கம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பகலில் கைவினை வேலை, மீதி நேரத்தில் அவரவர் ஓவியம், சிற்பம். கைவினைப் பொருள் விற்றால் அடுப்பு எரியும். ஆகவே ஓவியம் விற்றே தீரணும் என்ற கட்டாயம் இல்லை. விற்காத ஓவியத்தையும் தைரியமாக வரையலாம். பணிக்கர் போட்ட கணக்கின் மையமே இதுதான்.

சுல்தான் அலி, வாசுதேவ், அவருடைய மனைவி அர்னவாஸ், சேனாதிபதி, பி.எஸ்.நந்தன், கே.வி.ஹரிதாசன், ஜெயபால பணிக்கர், பி.கோபிநாத், சிற்பி அனிலா ஜேக்கப் என்று அங்கே வாழ்ந்தவர்கள், வேலை செய்தவர்கள் பட்டியல் நீளமானது. பணிக்கரின் மகன் நந்தகோபாலும் உலோகச் சிற்பியாக அங்கேயே வளர்ந்தார்.

இவர்களில் கே.ராமானுஜத்தின் கதை தனி. பேச்சிலும் பழக்கத்திலும் மற்றவர்கள் மாதிரி இல்லாத, மனநோயோடு போராடிய சென்னை இளைஞர். பள்ளிப் படிப்பில் தேறாதவர். அவருடைய கையில் இருந்ததைப் பார்த்து ஓவியக் கல்லூரிக்குள் கொண்டுவந்தார் பணிக்கர். சோழமண்டலத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது. மாடமாளிகைகள், பறக்கும் உருவங்கள், நடுவே தொப்பி போட்ட ஒரு சின்ன மனிதர் என்று கனவு நகரங்களைப் பேனாவால் இழைத்து இழைத்து வரைந்தார். 1973-ல் இளம் வயதிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். கூட்டமாக வாழ்வது பல விஷயங்களைத் தாங்கிப்பிடிக்கும். எல்லாவற்றையும் தாங்கிப்பிடிக்காது.

எல்லோரும் அங்கேயே நிலைத்துவிடவும் இல்லை. அக்கித்தம் நாராயணன், விஸ்வநாதன் போன்றவர்கள் பாரீஸுக்குப் போய் அங்கேயே தங்கினார்கள். வாசுதேவ் 1980-களின் இறுதியில் பெங்களூருக்குப் போனார். கைவினை வேலையிலேயே நேரம் கரைகிறது என்ற மனக்குறையும், குழுவாக இருந்தால் ஓவியங்கள் ஒன்றுபோல ஆகிவிடும் என்ற விமர்சனமும் கிளம்பின. அந்த விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எழுத்து, யந்திரம், நாட்டார் உருவம் இவற்றை மெட்ராஸ் ஓவியர்கள் பலரும் ஒரே சமயத்தில் கையில் எடுத்தார்கள்தான். ஆனால் ஹரிதாசனின் யந்திர வடிவங்களையும் சுல்தான் அலியின் பழங்குடி உருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

படிக்க முடியாத எழுத்துகள்

இவ்வளவுக்கும் நடுவில் பணிக்கர் வரைவதை நிறுத்தவில்லை. பொதுவாக நிர்வாகத்துக்குப் போன ஓவியர்கள் ஃபைலில் கையெழுத்துப் போட்டே ஓய்ந்துபோவார்கள். இவருடைய மிக முக்கியமான ஓவியங்கள் பிரின்சிபாலாக இருக்கும்போதுதான் தொடங்கின.

1963 வாக்கில் தொடங்கிய அந்த வரிசைக்குச் சொற்களும் குறியீடுகளும் என்று பெயர். ஆரம்பத்தில் கணக்குக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் வந்தன. பிறகு மலையாள எழுத்துகள் நிறைந்தன. நடுவே ஜாதகக் கட்டங்கள், கிரகக் குறிகள், சின்னச் சின்ன உருவங்கள். பழைய ஜாதகச் சுவடியையோ ஜோசியர் நோட்டையோ பெரிதாக்கி மாட்டியது மாதிரி இருக்கும்.

மலையாளம் தெரிந்தவர் அதன் முன்னால் நின்றால் முதலில் படிக்கத்தான் முயல்வார். முடியாது. எழுத்துகள் எழுத்து மாதிரி இருக்கும், ஆனால் பொருள் தராது. அது தவறிப்போய் நடந்ததல்ல, பணிக்கர் திட்டமிட்டது. வாசிப்பதற்காக இல்லாமல் பார்ப்பதற்காக மட்டும் எழுத்து. பாட்டி வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஓலைச்சுவடியை நாம் பார்க்கிற மாதிரி: என்ன எழுதியிருக்கு என்று தெரியாது, ஆனால் நம்முடையது என்று தெரியும்.

லண்டனிலிருந்து அவர் தூக்கிக்கொண்டு வந்த கேள்விக்கு இங்கேதான் அவருக்கு ஒரு பதில் கிடைத்தது. புராணமும் இல்லை, கிராமக் காட்சியும் இல்லை. எந்த ஐரோப்பிய ஓவியத்தின் நகலாகவும் அதைப் பார்க்க முடியாது. முழுக்க நவீனமானது, ஆனால் பொன்னானி வீட்டு ஜாதகக் கட்டுக்குள்ளிருந்து வந்தது. அவருக்குப் பிறகு தென்னிந்திய ஓவியத்தில் எழுத்துருவம் இவ்வளவு புழங்குவதற்கு இந்த வரிசை முக்கியமான காரணம்.

1977-க்குப் பிறகு

1967-ல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பணிக்கர், அதன்பிறகு சோழமண்டலத்துக்கே நேரம் கொடுத்தார். 1976-ல் மத்திய லலித் கலா அகாடமி தன் உயரிய கௌரவமான ஃபெல்லோஷிப்பை அவருக்கு அளித்தது. அடுத்த ஆண்டு, 1977 ஜனவரியில், சென்னையில் காலமானார். வயது 65.

நிறுவியவர் போனதும் இப்படிப்பட்ட கூட்டு முயற்சிகள் உடைந்துபோவது நம் ஊரில் வழக்கம். நிலத்தின் விலை ஏற ஏற ஆபத்தும் கூடும். சோழமண்டலம் உடையவில்லை. சில வருஷங்கள் சோர்ந்தது, சிலர் விலகினார்கள், மீதிப் பேர் நடத்தினார்கள். நந்தகோபால் 2017-ல் இறக்கும்வரை அதன் பொறுப்புகளில் முக்கியப் பங்கு வகித்தார். சென்னை வழியில் உருவான ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒரே இடத்தில் பார்க்க, 2009-ல் அங்கே ஒரு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

பாத்திக் இன்று அங்கே பிழைப்பு இல்லை. ஓவியச் சந்தை வளர்ந்துவிட்டது, 1960-களில் வாங்க ஆள் இல்லாமல் கிடந்த படங்களை இன்று ஏல நிறுவனங்கள் தேடி எடுக்கின்றன. பணிக்கரின் படங்களும் அதில் உண்டு.

அவருடைய ஓவியங்களை நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு இடங்கள். ஒன்று ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் இந்த அருங்காட்சியகம். இன்னொன்று திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் 1979-ல் அவர் பெயரிலேயே திறக்கப்பட்ட கேலரி. ஆரம்ப கால வாட்டர் கலர் நிலக்காட்சிகளிலிருந்து கடைசிக் கால எழுத்து ஓவியங்கள் வரை அங்கே இருக்கின்றன. நேப்பியர் மியூசியம் பார்க்கப் போகிறவர்கள் அதே வளாகத்தில் நடந்தே போய்விடலாம்.